அத்தியாயம் 7: கேட்பதற்கு உங்கள் முறை

நேர்காணல் முடியும் தறுவாயில், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கோப்பை மூடிக்கொண்டே கேட்பார்: "நீங்க எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?"

நம் பிள்ளைகளில் பெரும்பாலோரிடம் அதற்கு ஒரே பதில்தான் இருக்கிறது. "இல்ல சார். தேங்க்யூ சார்."

என் முதல் நேர்காணலில் நானும் அதையேதான் சொன்னேன். வேலை கிடைத்தது. சேர்ந்த முதல் வாரத்தில் மூன்று செய்திகள் தெரியவந்தன. என்னை எடுத்தது அந்தத் தொழிற்சாலை இல்லை, அதற்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர். ஷிப்ட் வாரா வாரம் மாறும், ஆனால் இரவு ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் கிடையாது. எனக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர் மூன்றே மாதத்தில் விலகிப் போயிருந்தார். என்னிடம் யாரும் பொய் சொல்லியிருக்கவில்லை. நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்து அங்கிருந்து விலகியபோது, அந்த மூன்றையும் நேர்காணல் அறையிலேயே ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொண்டிருக்கலாம் என்ற எண்ணம் என்னை வெகுநாள் அறுத்தது.

பின்னாளில் மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து, ஆள் எடுக்கும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தேன். அங்கிருந்து பார்த்தபோது இன்னொன்றும் புரிந்தது. "இல்ல சார்" என்று எழுந்துகொள்பவரைப் பணிவானவர் என்று எவரும் குறித்துக்கொள்வதில்லை. "இந்த வேலையில் இவருக்கு உண்மையான அக்கறை உண்டா, கிடைத்த எதையும் பிடித்துக்கொள்ள வந்தவரா?" என்ற சந்தேகம்தான் எழும். அந்தக் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தயாராவது எப்படி என்பதே இந்த அத்தியாயம்.

வாய் ஏன் அடைத்துக்கொள்கிறது?

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே கேட்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். வகுப்பில் கேள்வி கேட்டால் "அதிகப்பிரசங்கி" என்ற பெயர். அதனால் வேலை தருபவரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு, கேட்டால் கையில் வந்தது நழுவிவிடும் என்று பயப்படுகிறோம்.

பெண்ணோ பிள்ளையோ பார்க்கப் போகும் வீட்டில் நாம் அப்படி இருப்பதில்லை. குடும்பம் எப்படி, பழக்கவழக்கம் எப்படி, கடன் உண்டா என்று தெருமுனைவரை விசாரிக்கிறோம். வாடகைக்கு வீடு பார்த்தால் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. விழித்திருக்கும் நேரத்தில் பாதியைக் கொடுக்கப்போகும் வேலையைப் பற்றி மட்டும் கேட்காமலே கையெழுத்துப் போடுகிறோம்.

மரியாதையைக் காட்டும் இடம் கேட்கும் விதம். வேலையைப் புரிந்துகொள்ளக் கேட்டால் எந்த நல்ல மேலாளரும் முகம் சுளிப்பதில்லை. தன்மையாகக் கேட்ட நியாயமான கேள்விக்கே ஓரிடத்தில் எரிச்சல் வருகிறதென்றால், அந்த இடத்தைப் பற்றி நீங்கள் அறிய வேண்டிய முதல் செய்தி கைக்கு வந்துவிட்டது.

எதைக் கேட்பது? ஒரே ஒரு உரைகல்

"நேர்காணலில் கேட்க வேண்டிய 50 கேள்விகள்" என்று பட்டியல்கள் நிறையக் கிடைக்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்து போகாதீர்கள். கடன் வாங்கிய கேள்வி என்பது கேட்கும் குரலிலேயே தெரிந்துவிடும். அதற்குப் பதில் வந்த பிறகு அடுத்து என்ன சொல்வதென்றும் உங்களுக்குத் தெரியாது.

ஒவ்வொரு கேள்வியையும் இந்த உரைகல்லில் தேய்த்துப் பாருங்கள்: *எந்தப் பதில் வந்தால் என் முடிவு மாறும்?*

"உங்கள் நிறுவனத்தின் தொலைநோக்கு என்ன?" என்று கேட்கிறீர்கள். என்ன பதில் வந்தால் இந்த வேலை வேண்டாம் என்பீர்கள்? எந்தப் பதிலும் உங்களை அசைக்காது என்றால் அந்தக் கேள்வியை அடித்துவிடுங்கள். "இரவு ஷிப்ட் மாதத்தில் எத்தனை வாரம் வரும்?" என்று கேட்கிறீர்கள். வீட்டில் உடல்நிலை சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியவருக்கு, அந்தப் பதில் எல்லாவற்றையும் மாற்றிவிடும். அது உங்கள் கேள்வி.

ஆகவே கேள்வியைத் தேடுவதற்கு முன் உங்கள் நிலையை ஒரு தாளில் எழுதுங்கள். மாதம் குறைந்தது எவ்வளவு பணம் கையில் வர வேண்டும்? எந்த ஊர்வரை போக முடியும்? இரண்டு ஆண்டில் என்ன கற்றிருக்க வேண்டும்? எதைச் சகித்துக்கொள்ள முடியாது? இந்த நான்குக்கும் பதில் எழுதிவிட்டால் கேள்விகளில் பாதி தாமாகவே வந்து நிற்கும்.

கேட்பதற்கு முன் தேடிப் பார்க்க வேண்டியவை

பத்து நிமிடத் தேடலில் கிடைக்கும் விஷயத்தை நேர்காணலில் கேட்டால், வீட்டுப்பாடம் செய்யவில்லை என்பதை நீங்களே சொன்னதாகிவிடும். அதனால் முதலில் தேடுங்கள். செல்போன் போதும், காசு செலவில்லை.

*நிறுவனத்தின் சி.ஐ.என். எண்.* பதிவுபெற்ற ஒவ்வொரு கம்பெனிக்கும் 21 எழுத்து-எண் கொண்ட அடையாளம் உண்டு. லெட்டர்ஹெட்டிலும், பெரும்பாலும் இணையதளத்தின் அடியிலும் இருக்கும். முதல் எழுத்து எல் என்றால் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது, யு என்றால் பட்டியலிடப்படாதது. அடுத்த ஐந்து இலக்கம் தொழிலின் வகை. பிறகு வரும் இரண்டு எழுத்து மாநிலம், அதையடுத்த நான்கு இலக்கம் பதிவான ஆண்டு. "முப்பது வருஷ கம்பெனி" என்று சொல்லிக்கொள்ளும் இடத்தின் எண்ணில் 2023 என்றிருந்தால், காரணம் நியாயமானதாகவும் இருக்கலாம், ஆனால் உங்களுக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் நிறுவனம் நடப்பில் இருக்கிறதா என்பதும் தெரியும்.

*பி.எஃப். பதிவு.* வருங்கால வைப்புநிதி அமைப்பின் தளத்தில், நிறுவனத்தின் பெயரைக் கொடுத்துத் தேடும் வசதி எல்லோருக்கும் திறந்திருக்கிறது. எந்த மாதத்துக்கு, எந்தத் தேதியில், எத்தனை ஊழியருக்குப் பணம் கட்டப்பட்டது என்ற விவரம் அதில் கிடைக்கும். "எங்ககிட்ட 400 பேர்" என்று சொல்லும் இடத்தில் 60 பேருக்கு மட்டும் கட்டப்பட்டிருந்தால், மீதிப் பேர் கான்ட்ராக்டில் இருக்கலாம். மாதாமாதம் தாமதமாகக் கட்டப்பட்டிருந்தால் சம்பளமும் தாமதமாக வருமோ என்று விசாரிப்பது நல்லது.

*ஜி.எஸ்.டி. எண்.* திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோவையின் சிறு பட்டறைகளிலும் பல, கம்பெனியாகப் பதிவாகாத கூட்டாண்மைகளாகவோ தனி உரிமையாளர் நிறுவனங்களாகவோ இருக்கும். அவற்றுக்கு சி.ஐ.என். இராது. அங்கே 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணைத் தேடிப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பதிவு 33 என்று தொடங்கும். எப்போது பதிவானது, நடப்பில் உள்ளதா என்பவை தெரியும்.

*பெரிய நிறுவனமென்றால் ஆண்டறிக்கை.* பங்குச்சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள், வணிகப் பொறுப்பு மற்றும் நீடித்தநிலை அறிக்கை என்ற ஒன்றை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நிரந்தர ஊழியர் எத்தனை பேர், மற்றவர் எத்தனை பேர், ஆண்டுக்கு நூற்றுக்கு எத்தனை பேர் விலகுகிறார்கள் என்ற கணக்கு அதில் இருக்கிறது. வேலை தேடுபவர்கள் இதைப் புரட்டுவதே இல்லை. புரட்டியவர் கேட்கும் கேள்வியின் எடை வேறு.

*கடைசியாக, ஆட்கள்.* நேர்காணலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் உட்காருங்கள். ஷிப்ட் முடிந்து வருபவர்களிடம் "அண்ணா, இன்னிக்கு இங்க இன்டர்வியூக்கு வந்திருக்கேன், இடம் எப்படிண்ணா?" என்று கேட்டால் பலர் மனம்விட்டுச் சொல்வார்கள். உங்கள் கல்லூரி சீனியர் ஒருவர் உள்ளே இருந்தால் இன்னும் நல்லது. ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். அதை உள்ளே கேட்பதற்கான கேள்வியாக மாற்றிக்கொள்ளுங்கள்.

கவலையைக் கேள்வியாக்குவது

இந்த அத்தியாயத்தின் மையம் இந்தப் பகுதிதான். நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் மனத்தில் இருப்பது கவலை. அதை அப்படியே வாயால் சொன்னால் குறை சொல்வதுபோல் கேட்கும். "ஓவர்டைம் நிறைய இருக்குமா சார்?" என்றால் வேலைக்குச் சோம்பேறி என்று நினைப்பார்கள். "வேலைச்சூழல் நல்லா இருக்குமா?" என்றால் "ரொம்ப நல்லா இருக்கும்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. இதைத் தாண்ட மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, *நடந்ததைக் கேளுங்கள்.* கொள்கையைக் கேட்டால் அச்சடித்த பதில் வரும். "போன வாரம்", "கடைசியாக", "போன பேட்ச்" என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் நினைவைத் தேட வேண்டும். அங்கேதான் உண்மை வெளிவரும்.

இரண்டு, *ஆமாம், இல்லை என்று முடியாதபடி கேளுங்கள்.* எத்தனை, யார், எப்படி, எப்போது என்ற சொற்கள் கேள்வியில் இருக்கட்டும்.

மூன்று, *ஒரு மூச்சில் ஒரே கேள்வி.* மூன்றைச் சேர்த்துக் கேட்டால் எளிதான ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

இவற்றை வைத்துச் சில கவலைகளை மாற்றிப் பார்ப்போம்.

கவலை: இந்த இடத்தில் ஆள் நிலைக்கவில்லையோ?
கேள்வி: "இது புதுசா உருவான இடமா சார், இல்ல ஏற்கெனவே ஒருத்தர் இருந்த இடமா? அவர் இப்ப எங்க இருக்கார்?"
அவர் பதவி உயர்ந்து அடுத்த பிரிவுக்குப் போனார் என்றால் நல்ல செய்தி. ஒரே ஆண்டில் மூன்றாவது ஆள் நீங்கள் என்றால் யோசிக்க வேண்டிய செய்தி.

கவலை: ஒரே மெஷினில் ஆண்டுக்கணக்கில் நிறுத்திவிடுவார்களோ?
கேள்வி: "முதல் ஆறு மாசம் நான் எந்த வேலையில இருப்பேன்? யார்கிட்ட கத்துக்குவேன் சார்?"
ஆள் பெயரோடு பதில் வந்தால் திட்டம் இருக்கிறது. "வந்து பாத்துக்கலாம்" என்றால் இல்லை.

கவலை: வீட்டுக்குப் போக இரவாகிவிடுமோ?
கேள்வி: "மாசக் கடைசியில வேலை கூடுதலா இருக்கும்னு கேள்விப்பட்டேன். போன மாசக் கடைசியில உங்க டீம் வழக்கமா எத்தனை மணிக்குக் கிளம்பினாங்க மேடம்?"

கவலை: மேலே வர வழி இருக்குமா?
கேள்வி: "இதே வேலையில மூணு வருஷம் முன்னாடி சேர்ந்தவங்க இப்ப என்ன பொறுப்புல இருக்காங்க?"

கவலை: இந்த மேலாளரோடு ஒத்துப்போக முடியுமா?
கேள்வி: "உங்க டீம்ல நல்லா வேலை செய்றார்னு நீங்க நினைக்கிற ஒருத்தர், மத்தவங்களைவிட என்ன வித்தியாசமா செய்றார் சார்?"
இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். "சொன்னதைச் செய்வார், எதிர்த்துப் பேசமாட்டார்" என்பவரும் உண்டு. "தப்பு நடந்தா உடனே வந்து சொல்லிடுவார்" என்பவரும் உண்டு. இரண்டும் இரண்டு வேறு வாழ்க்கை.

யாரிடம் எதைக் கேட்பது?

கேள்வி சரியாக இருந்தாலும் ஆள் மாறினால் வீணாகும். வேலையின் தன்மை, மெஷின், மென்பொருள், பயிற்சி, டீம் இவற்றைத் துறை மேலாளரிடமும் தொழில்நுட்பச் சுற்று நடத்துபவரிடமும் கேளுங்கள். சம்பளம், விடுப்பு, பி.எஃப்., பாண்ட், ஷிப்ட் இவற்றை எச்.ஆரிடம் கேளுங்கள். முதலாளியோ இயக்குநரோ வந்தால் தொழிலின் போக்கைக் கேளுங்கள். திருப்பூர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் வேலைக்குப் போனவர், "இப்ப எந்த நாட்டு பையர்கள்கிட்ட இருந்து ஆர்டர் அதிகம் சார்?" என்று கேட்டால் அந்த உரையாடலின் தரமே மாறும்.

முதல் சுற்றிலேயே சம்பளத்தையும் விடுப்பையும் எடுக்காதீர்கள். உங்களை வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்த பிறகு அதே கேள்விக்கு மதிப்பு கூடும். ஆனால் ஆஃபர் கடிதத்தில் சம்மதம் சொல்வதற்கு முன் கட்டாயம் கேட்டுவிட வேண்டும்.

எந்த மொழியில் நேர்காணல் நடக்கிறதோ அந்த மொழியிலேயே கேள்விகளை எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ஆங்கிலம் தடுமாறும் என்று பயப்படுபவர்கள் எட்டுப் பத்துச் சொல்லில் முடியும் சிறு கேள்வியாக அமைத்துக்கொண்டால் போதும்.

சம்பளம்: சி.டி.சி.யைப் பிரித்துக் கேளுங்கள்

"3 லட்சத்து 60 ஆயிரம் சி.டி.சி." என்று சொன்னதும் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 30,000 என்று வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுகிறோம். சி.டி.சி. என்பது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. கைக்கு வரும் தொகை வேறு. ஒரு கணக்கைப் பார்ப்போம்.

அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, மாதம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் 12 சதவீதம் நிறுவனத்தின் பி.எஃப். பங்கு: மாதம் 1,800, ஆண்டுக்கு 21,600. கிராஜுவிட்டிக்கு ஒதுக்கீடு அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம்: ஆண்டுக்கு 8,658. வேலைத்திறனைப் பொறுத்துத் தரப்படும் வேரியபிள் பே 10 சதவீதம்: 36,000. மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 6,000 என்று கொள்வோம். இவை போக மீதி 2,87,742. மாதத்துக்கு ஏறக்குறைய 23,980. இதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 1,800 பிடித்தால் 22,180. தொழில் வரியும் போக, 30,000 என்று நினைத்த இடத்தில் ஏறக்குறைய 22,000 ரூபாய் கைக்கு வரும்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பி.எஃப். உங்கள் பணம்தான். ஆனால் சென்னையில் பெரும்பாக்கத்திலோ நாவலூரிலோ அறை வாடகையும் சாப்பாடும் போட்டுக் கணக்குப் பார்ப்பவருக்கு, 30,000 வேறு, 22,000 வேறு. ஆகவே இந்த நான்கையும் கேளுங்கள்:

1. "எல்லாப் பிடித்தமும் போக மாசம் கைக்கு எவ்வளவு வரும் மேடம்?"
2. "வேரியபிள் பே போன வருஷம் இந்த கிரேடுல இருந்தவங்களுக்கு எத்தனை சதவீதம் கிடைச்சுது? மாசாமாசமா, வருஷக் கடைசியிலயா?"
3. "கிராஜுவிட்டி சி.டி.சி.க்குள்ள இருக்கா, வெளியிலயா?" நிரந்தர வேலையில் 5 ஆண்டு நிறைவு செய்தவருக்கே அது பொதுவாகக் கிடைக்கும் என்பதால், ஓரிரு ஆண்டில் மாற நினைப்பவர் அதைத் தன் வருமானத்தில் சேர்க்கக் கூடாது.
4. "மருத்துவக் காப்பீட்டுல அப்பா அம்மாவைச் சேர்க்க முடியுமா?" மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, நிறுவனம் அத்திட்டத்தில் இருந்தால் இ.எஸ்.ஐ. பொருந்தும். உங்கள் பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம்.

தயங்காமல் கேட்க வேண்டிய கடினமான கேள்விகள்

*யாருடைய ரோல்?* "நான் கம்பெனி ரோல்ல வருவேனா, கான்ட்ராக்டா, அப்ரண்டிஸா?" ஒரகடம், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குப் போகும் டிப்ளமோ, ஐ.டி.ஐ. பிள்ளைகள் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி பழகுநர் என்பவர் தொழிலாளி அல்லர். அவருக்குக் கிடைப்பது உதவித்தொகை. பயிற்சி முடிந்ததும் அவரை வேலைக்கு எடுத்தே தீர வேண்டும் என்ற பொதுவான கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. அதற்காக அதை ஒதுக்க வேண்டியதில்லை. தொழில் கற்க அது நல்ல வழி. ஆனால் கூடவே இதையும் கேளுங்கள்: "போன பேட்ச்ல எத்தனை பேர் வந்தாங்க, முடிச்ச பிறகு எத்தனை பேரை எடுத்துக்கிட்டீங்க சார்?"

*பாண்ட் உண்டா?* "எத்தனை வருஷம், விலகினா எவ்வளவு கட்டணும், பயிற்சி எப்ப முடியுது?" என்று கேளுங்கள். "பாண்டெல்லாம் கோர்ட்ல நிக்காது" என்று நண்பர்கள் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். 3 ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்திருக்கிறது. ஒவ்வொரு பாண்டும் இப்படிச் செல்லும் என்று அதற்குப் பொருளில்லை. தொகை நியாயமாக இருக்கிறதா என்பதைச் சட்டம் பார்க்கும். ஆனால் படிக்காமல் கையெழுத்திடத்தக்க காகிதம் அது அல்ல. ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டால், "சரிபார்த்துட்டு இன்னிக்கே திருப்பித் தந்துடுவீங்களா மேடம்?" என்று கேளுங்கள். விட்டுவிட்டு வராதீர்கள். வேலை தர முன்பணம் கேட்டால் வேறு கேள்வியே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

*கூடுதல் நேர வேலை.* தொழிற்சாலைத் தொழிலாளிக்கு ஓவர்டைமுக்கு இருமடங்கு ஊதியம் என்பது சட்டம். "ஓ.டி. எப்படிக் கணக்குப் போடுவீங்க?" என்பது உரிமையோடு கேட்கத்தக்க கேள்வி.

*பெண்கள் கேட்க வேண்டியவை.* "நைட் ஷிப்ட்டுக்கு வண்டி வீட்டு வாசல் வரைக்கும் வருமா, மெயின் ரோடு வரைக்கும்தானா?" இந்த ஒரு கேள்வி பல விளம்பர வாசகங்களைவிட அதிகம் சொல்லித்தரும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதன் உறுப்பினர் யார் என்று கேட்டால் நல்ல எச்.ஆர். உடனே சொல்வார். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார மகப்பேறு விடுப்பும், 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் குழந்தைகள் காப்பக வசதியும் சட்டம் தருபவை. அவற்றைப் பற்றிக் கேட்டால் சொந்தத் திட்டத்தைச் சொல்ல வேண்டியிருக்குமோ என்ற தயக்கம் இருந்தால், "டீம்ல பிரசவ லீவு முடிஞ்சு திரும்பி வந்தவங்க இருக்காங்களா?" என்று கேளுங்கள். உங்களுக்குக் கல்யாணம் எப்போது என்ற பேச்சுக்குள் போகாமலே பதில் கிடைக்கும்.

பதிலைக் கேட்கும் முறை

கேள்வி கேட்டபின் பேசாமல் இருங்கள். அவர் யோசிக்கும் இரண்டு நொடி மௌனம் சங்கடமாக இருக்கும். அதை நிரப்ப நீங்களே பதிலைச் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். "ஓ.டி. எல்லாம் அவ்வளவா இருக்காது, இல்ல சார்?" என்று முடித்துவிட்டால் "ஆமா" என்பதோடு விஷயம் போய்விடும்.

பதிலில் மூன்றைக் கவனியுங்கள். எண்ணும் பெயரும் தேதியும் வருகின்றனவா, பொதுச்சொற்கள் மட்டும் வருகின்றனவா? ஒரே கேள்விக்கு மேலாளரும் எச்.ஆரும் ஒரே பதிலைச் சொல்கிறார்களா? சொல்லும்போது இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்களா? மேலாளர் "ஜெனரல் ஷிப்ட்" என்றும் எச்.ஆர். "ரொட்டேஷன்" என்றும் சொன்னால், தன்மையாகத் திருப்பிக் கேளுங்கள்: "சார் ஜெனரல் ஷிப்ட்னு சொன்னார். நான்தான் சரியாப் புரிஞ்சுக்கலையா மேடம்?"

வெளியே வந்ததும் பதில்களை எழுதிவிடுங்கள். சம்பளம், ரோல், ஊர், ஷிப்ட், பாண்ட் ஆகிய ஐந்தும் வாய்ச்சொல்லோடு நிற்கக் கூடாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. "பேசினதெல்லாம் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல வந்துடுமா மேடம்?" என்று கேட்பது உங்கள் உரிமை. விட்டுப்போன ஒன்று இருந்தால் நான்கு வரி மின்னஞ்சலில் நன்றியோடு சேர்த்துக் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள்.

ஒரு மாதிரித் தாள்

திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவர். ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் நேர்காணல். தங்கை கல்லூரியில் சேரப்போகிறாள், மாதம் 8,000 வீட்டுக்கு அனுப்ப வேண்டும். சி.என்.சி. மெஷினில் கைதேர வேண்டும் என்பது ஆசை. அவர் தாளில் ஐந்து கேள்விகள் போதும்:

மேலாளரிடம்:
1. "முதல் ஆறு மாசம் நான் அசெம்பிளியிலயா, மெஷின் ஷாப்லயா சார்?"
2. "சி.என்.சி. புரோகிராமிங் கத்துக்கிட்ட ட்ரெயினி யாராவது இப்ப இருக்காங்களா? அவங்களுக்கு எவ்வளவு நாளாச்சு?"

எச்.ஆரிடம்:
3. "கம்பெனி ரோலா, அப்ரண்டிஸா மேடம்? போன பேட்ச்ல எத்தனை பேர் நிரந்தரமானாங்க?"
4. "பிடித்தம் போக கைக்கு எவ்வளவு? கேன்டீனுக்கும் பஸ்ஸுக்கும் தனியாப் பிடிப்பீங்களா?"
5. "தங்குற இடத்துக்கு கம்பெனி ஏற்பாடு உண்டா, வெளியில பாத்துக்கணுமா?"

வாடகையும் சாப்பாடும் போக 8,000 மிஞ்சாது என்று நான்காவது, ஐந்தாவது பதில்களில் தெரியலாம். ஆனால் ஓராண்டில் சி.என்.சி. கைக்கு வரும் என்று இரண்டாவது பதிலில் தெரிந்தால், அப்பாவிடம் பேசி ஓராண்டைக் கடன் கேட்கலாமா என்று அவர் யோசிக்க முடியும். கற்றுத்தரவும் மாட்டார்கள், பணமும் மிஞ்சாது என்றால் நல்ல பெயர் உள்ள கம்பெனி என்பதற்காக மட்டும் போக வேண்டியதில்லை. எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் அது அவர் தெரிந்தெடுத்த முடிவு.

பயிற்சி

நேர்காணலுக்கு முந்தைய இரவு, ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

1. உங்கள் நான்கு தேவைகளை எழுதுங்கள்.
2. நிறுவனத்தைப் பற்றித் தேடி, புரியாத இரண்டு விஷயங்களைக் குறியுங்கள்.
3. கவலைகளைக் கேள்விகளாக்குங்கள். பத்து வந்தால், உரைகல்லில் தேய்த்து ஐந்தாகக் குறையுங்கள்.
4. ஒவ்வொன்றுக்கும் எதிரே யாரிடம் கேட்பது என்று எழுதுங்கள்.
5. வீட்டில் ஒருவரை எதிரே உட்காரவைத்து, மூன்று முறை வாய்விட்டுக் கேளுங்கள். தயக்கம் வீட்டிலேயே கழியட்டும்.

அந்தத் தாளை நான்காக மடித்துக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் எடுத்துப் பார்ப்பதில் தவறில்லை. "சில கேள்விகள் எழுதிட்டு வந்திருக்கேன் சார், பாத்துக் கேக்கலாமா?" என்று அனுமதி வாங்கிக் கேட்ட ஒருவரை நான் எடுத்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. அந்தத் தாளே அவர் எப்படி வேலை செய்வார் என்பதைச் சொல்லிவிட்டது.

வேலையில் சேர்ந்த பிறகும் அதைத் தூக்கிப் போடாதீர்கள். மூன்று மாதம் கழித்து எடுத்து, அவர்கள் சொன்னதற்குப் பக்கத்தில் நடந்ததை எழுதுங்கள். எந்தப் பதில் உண்மையாக இருந்தது, எந்தக் கேள்வியைக் கேட்க மறந்தீர்கள் என்று தெரியும். மறந்த அந்தக் கேள்வியைத் தாளின் பின்பக்கம் எழுதி வையுங்கள். அடுத்த நேர்காணலின் முதல் கேள்வி அதுதான். உங்கள் தெருவில் இந்த ஆண்டு படிப்பு முடிக்கும் பிள்ளைக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய முதல் கேள்வியும் அதுதான்.